நாஷ்வில்லில் ஒரு ஸ்டூலில் உட்காருவது எப்படி

1960-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நீங்கள் ஒரு கறுப்பின மாணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வூல்வொர்த் கடையில் நீங்கள் நோட்டுப் புத்தகம் வாங்கலாம், காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்வார்கள். அதே கடைக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு காபி கேட்டால் கிடைக்காது, அது வெள்ளையர்களுக்கு மட்டும்.

இதை எதிர்த்து அந்தக் கவுண்டரிலேயே உட்கார்ந்து போராடுவதுதான் திட்டம், ஆனால் கோபம் வந்த வேகத்தில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் மாதக்கணக்கில் பழக வேண்டும். ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் ஜேம்ஸ் லாசன் வகுப்பு நடத்துகிறார், நாக்பூரில் 3 வருடம் இருந்து காந்தியின் முறையைப் படித்துவிட்டு வந்தவர். அங்கே உங்கள் நண்பர்களே வெள்ளைக்கார ரவுடிகளாக நடிப்பார்கள், கேட்கக் கூசும் வார்த்தைகளால் திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியோடு தள்ளிவிடுவார்கள். விழுந்தால் தலையைக் கையால் மூடிச் சுருண்டுகொள்ளுங்கள், முடிந்தவரை அடிப்பவன் கண்ணைப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் ரொம்ப அடி வாங்கினால் நடுவில் உங்கள் உடம்பைக் கொடுங்கள். இத்தனை பழகியும் கை ஓங்காமல் இருக்க முடியாது என்று தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை, வெளியே வேலை நிறைய இருக்கிறது.

அப்புறம் ஒத்திகை. 1959 கடைசியில் மாணவர்கள் 2 கடைகளின் கவுண்டருக்குச் சும்மா போய்ச் சாப்பிடக் கேட்டார்கள், மறுத்ததும் மேலாளரிடம் காரணம் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

நிஜமாகவே உட்காரும் நாளில் தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போடுங்கள், பாடப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் கடையில் ஏதாவது சின்னதாக வாங்குங்கள். கவுண்டரைப் பார்த்து நிமிர்ந்து உட்காருங்கள். சிரிக்கக் கூடாது, பதிலுக்குத் திட்டக் கூடாது, நடைவழியை மறிக்கக் கூடாது, குழுத் தலைவர் சொல்லாமல் எழக் கூடாது. பிப்ரவரி 27-இல் வெள்ளைக்கார ரவுடிகள் மாணவர்களை இழுத்துப்போட்டு அடித்தார்கள், போலீஸ் பிடித்ததோ அடி வாங்கியவர்களை. (அதையும் எதிர்பார்த்துத்தான் போனார்கள்.) ஒரு குழுவைக் கூட்டிப்போனதும் காத்திருந்த அடுத்த குழு அதே ஸ்டூல்களில் உட்கார்ந்தது, பிறகு அடுத்தது. அடி தாங்குவதைவிட இந்த வரிசைதான் கடைக்காரர்களைத் திணறடித்திருக்கும் என்பது என் எண்ணம்.

நீதிமன்றத்தில் 50 டாலர் அபராதம் போடுவார்கள். கட்டாதீர்கள், கட்டினால் அந்த அநியாயத்துக்கு நாமே காசு கொடுத்த மாதிரி. சிறைக்குப் போங்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது ஊர்க்காரர்கள் ஈஸ்டருக்குத் துணிமணி வாங்காமல் கடைத்தெருவைக் காயப்போடுவார்கள்.

ஏப்ரல் 19-இல் மாணவர்களின் வழக்கறிஞர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் சத்தமில்லாமல் நடந்து மேயரிடம் போனார்கள். டயான் நாஷ் என்ற மாணவி பேச்சை வளர்க்காமல், நிறம் பார்த்து ஒதுக்குவது தப்பா இல்லையா என்று கேட்டார். இப்படித்தான் கேட்க வேண்டும், சுற்றி வளைத்தால் மேயர் நழுவிவிடுவார். தப்புதான் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார்.

மே 10-இல் 6 கடைகள் வழிவிட்டன. அன்றைக்கும் கூட்டமாகப் போகாதீர்கள், கடைக்காரரோடு முன்பே பேசிவைத்தபடி சின்னக் குழுவாகப் போய் உட்காருங்கள். கேட்டது வந்ததும் சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டு வாருங்கள்.