எக்செலை வைத்தே மூளையின் ஜீன் வரைபடம் போடலாம்

உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லிலும் ஒரே ஜீன்கள்தான். எது எங்கே வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதை மூளை முழுக்க அளந்து இலவசமாகவே தருகிறது சியாட்டிலில் உள்ள ஆலன் மூளை ஆய்வு நிறுவனம்: இறந்த ஆறு பேரின் மூளை, மொத்தம் 3,702 மாதிரிகள். கோடிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் செய்தியைப் பெறும் ஏற்பிக்கான டிஆர்டி2 (DRD2) ஜீனை வைத்துப் பழகுவோம்.

1. ஆலன் மனித மூளை அட்லஸ் தளத்தில் ஒரே ஒருவரின் மைக்ரோஅரே (ஆயிரக்கணக்கான ஜீன்களை ஒரே சில்லில் அளக்கும் முறை) ஜிப்பை மட்டும் இறக்குங்கள். நான் எடுத்த மூளையில் 946 மாதிரிகள்.

2. 'புரோப்ஸ்' கோப்பில் டிஆர்டி2 என்று தேடி, அதன் புரோப் (ஒரு ஜீனை அளக்க அந்தச் சில்லில் இருக்கும் டிஎன்ஏ துண்டு) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஜீனுக்குப் பல புரோப்கள் இருக்கும். 'பிஏ கால்' கோப்பில் எதற்கு 1 அதிகமோ அதை எடுங்கள். 0 என்றால் வெறும் பின்னணி இரைச்சல். (மார்ச்1 போன்ற ஜீன் பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லையால் 2020இல் பெயரையே மாற்றினார்கள்!)

3. இதுதான் முக்கியமான இடம். 'எக்ஸ்பிரஷன்' கோப்பில் தலைப்பு வரியே கிடையாது. முதல் கட்டத்தில் புரோப் எண், அதற்குப் பிறகு வெறும் அளவுகள். அவை எந்த இடத்தைச் சேர்ந்தவை என்பது 'சாம்பிள் அன்னோட்' கோப்பில் இருக்கிறது. இங்கே எத்தனையாவது அளவோ, அங்கே அத்தனையாவது மாதிரி. முதல் கட்டத்தை விட்டுவிட்டு உங்கள் புரோப்பின் வரியை காப்பி செய்து, சாம்பிள் அன்னோட்டின் கடைசியில், தலைப்புக்கு அடுத்த வரியிலிருந்து டிரான்ஸ்போஸ் செய்து (கிடைவரியை நெடுவரிசையாக்கி) ஒட்டுங்கள். முதல்முறை நான் அந்தக் கட்டத்தையும் சேர்த்தே ஒட்டிவிட்டேன். அளவெல்லாம் ஒரு வரி கீழே நழுவியது, எக்செல் மூச்சுவிடவில்லை. முதல் மாதிரிக்கு நேரே லட்சக்கணக்கில் ஒரு எண் நின்றதைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

4. அளவைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். இந்த ஏற்பி அதிகம் உள்ள, மூளையின் ஆழத்துப் பகுதிகளான காடேட், புட்டாமென், அக்கம்பென்ஸ் என்ற பெயர்கள் மேலே வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இது லாக்2 அளவு. 1 கூடினால் இரண்டு மடங்கு என்று பொருள்.

5. எம்என்ஐ (மூளையில் இடத்தைக் குறிக்கும் பொதுவான அச்சு எண்கள்) ஒய், இசட் நெடுவரிசைகளை, அதாவது முன்-பின், மேல்-கீழ் இடங்களை, ஸ்கேட்டர் படமாகப் போடுங்கள். மேலே உள்ள 50 வரிகளுக்குச் சிவப்பு, மீதிக்குச் சாம்பல். பக்கவாட்டில் பார்த்த மூளையாகச் சாம்பல் புள்ளிகள் விரியும். நடுவே சிவப்பு குவியும்.

அடுத்து இன்னொருவரின் கோப்பிலும் செய்து பாருங்கள். வலது பக்கம் காலியாக வந்தால் பதற வேண்டாம்: ஆறில் நான்கு மூளைகளில் இடப்பக்கம் மட்டுமே அளந்திருக்கிறார்கள்.