சித்திரமும் செடியும் ஒரே வளவில்: முதல்முறை போகிறவர்கள் விடும் பிழைகள்

யாழ்ப்பாண நகருக்குள் ஒரு பழைய வீட்டு வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். விறாந்தையில் ஓவியமும் களிமண் வேலையும், பின்பக்கம் கத்தரி, மிளகாய், கீரை. இப்படியான இடத்துக்கு முதல்முறை வருகிறவர்களில் சிலர் பூங்காவுக்கு வருகிற மாதிரி வருவார்கள், சிலர் கண்காட்சிக்கு வருகிற மாதிரி. உண்மையில் அது வேலை நடக்கிற இடம். அதை மறக்கிறபோதுதான் பிழை விடுகிறோம்.

நேரத்தைப் பார்த்துப் போங்கள். உச்சி வெயிலில் போய், தொங்கிக் கிடக்கிற கத்தரி இலையைக் காட்டி "ஒருத்தரும் கவனிக்கிறேல்லைப் போல" என்று சொல்லக்கூடாது. வெயில் தாழ அது தானாக நிமிரும். காலையிலோ பின்னேரமோ போனால் தண்ணீர் விடுகிற நேரம், ஆட்களோடு ஆறுதலாகக் கதைக்கலாம். மாதம் என்றால் தை, மாசி நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் செருப்பை விடாது. ஆடி, ஆவணியில் சோழகக் காற்று அடித்து எல்லாம் காய்ந்து கிடக்கும், நல்லூர்த் திருவிழாச் சனம் வேறு.

படம் எடுக்கப் பாத்திக்குள் இறங்காதீர்கள். கொத்திப் பொலபொலவென்று வைத்த மண் ஒரு மிதியில் இறுகிவிடும். வரம்பு உடைந்தால் தண்ணீர் வேறு பக்கம் ஓடும். வேலை செய்கிறவரைப் படம் எடுக்க முன்னர் கேளுங்கள். காயாத சாயத்தையும் ஈரக் களிமண்ணையும் தொட்டுப் பார்ப்பது பிள்ளைகளை விடப் பெரியவர்கள்தான்!

பூ விஷயம் கொஞ்சம் சிக்கலானது. வேலிக்கு மேலால் எட்டிச் செவ்வரத்தை பறிப்பது நம்மூரில் களவாகக் கணக்கில் வராது; "சாமிக்குத்தானே" என்றால் போதும். இங்கே அந்தப் பூவை வைத்து ஒருவர் அரைகுறையாகப் படம் வரைந்துகொண்டிருக்கலாம். சாமி பொறுப்பார், அவர் பொறுக்கமாட்டார்.

பலரும் யோசிக்காமல் செய்கிற பிழை, தூரிகை கழுவின தண்ணீரைக் கிணற்றடியிலோ பூச்சாடியிலோ ஊற்றுவது. தண்ணீர்தானே, செடிக்கு நல்லதென்ற நினைப்பு. அக்ரிலிக் சாயம் என்பது பிளாஸ்டிக். சில நிறங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்களும் உண்டு. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் நிலத்தடி நீர். கீழே இருப்பதோ வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல், ஊற்றியது வடிகட்டாமலே விரைவாகக் கீழே போய்விடும். அதனால் தூரிகையைப் பழந்துணியில் நன்றாகத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கழுவின தண்ணீரை அதற்கென்று வைத்திருக்கிற வாளியில் விடுங்கள். அடியில் மண்டி படிந்த பிறகு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். குடித்து முடித்த கோப்பை, சிரட்டையைச் செடிகளுக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அது போதும்.

கடைசியாக, வெறுங்கையோடு போகக்கூடாது என்று வீட்டு வளவில் இருந்து கன்றை மண்ணோடு கிண்டிக்கொண்டு போவது. மனம் நல்லதுதான், மண்தான் ஆபத்து. அந்த ஒரு சிரங்கை மண்ணில் பார்த்தீனிய விதை இருக்கலாம். இந்திய அமைதிப்படை 1987இல் வந்தபோது கொண்டுவந்த ஆடுகளோடு அந்தக் களையும் வந்ததென்பார்கள். கரட் இலை போல இலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும், விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். தோலில் பட்டால் சிலருக்குக் கடி, சிலருக்கு மூச்சு முட்டும். உதவி செய்கிறேன் என்று அதை வெறுங்கையால் பிடுங்கவும் வேண்டாம். கையுறை கேளுங்கள், பூக்க முன்னர் வேரோடு எடுங்கள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் வீட்டில் காயவைத்த பயிற்றை விதை கொடுங்கள், அல்லது முருங்கைத் தடி ஒன்றை வெட்டிக்கொண்டு போங்கள். அதைக் கொண்டுபோக மண்ணே தேவையில்லை.