ஸ்டார்ட்அப்பில் சேருமுன் கணக்குப் போட்டுப் பாருங்கள்

கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் சின்னச் சின்ன ஸ்டார்ட்அப் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு பார்ப்பது என் வேலை. பினாங்கிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 4,800 ரிங்கிட் வாங்குகிறான்; கோலாலம்பூரில் ஒரு ஸ்டார்ட்அப் 5,500 தருகிறதாம். "சேரலாமா அக்கா?" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆஃபர் லெட்டரில் நீங்கள் ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்று பாருங்கள். அவனுடையதில் ஒப்பந்தக்காரர் என்றிருந்தது. அப்படியென்றால் ஊழியருக்கு முதலாளி கட்டும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பங்கு கிடைக்காது. 5,000 ரிங்கிட் வரை சம்பளம் என்றால் முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும், அதற்கு மேல் 12. தம்பிக்கு இப்போது மாதம் 624 ரிங்கிட் முதலாளி பங்காக ஏறுகிறது. வருடத்துக்கு ஒரு மாத போனஸ் உண்டு. பன்னிரண்டாகப் பிரித்தால் 400. சம்பளத்தோடு சேர்த்தால் மொத்தம் 5,824. புதிய வேலையில் மொத்த வரவு கூடவில்லை, குறைகிறது! கோலாலம்பூர் வாடகை வேறு.

அடுத்து, கம்பெனியின் கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல முதலாளி மறைக்கமாட்டார். அங்கே வேலை செய்பவரிடமும் இபிஎஃப் ஒழுங்காக ஏறுகிறதா என்று விசாரியுங்கள். ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். அவரவர் இபிஎஃப் கணக்கைக் காட்டும் ஐ-அக்கவுன் செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். கம்பெனி தள்ளாடும்போது முதலில் நிற்பது இதுதான். சம்பளம் வராவிட்டால் எல்லோரும் சத்தம் போடுவார்கள், இபிஎஃப் நின்றால் பலருக்குத் தெரிவதே இல்லை.

கம்பெனியின் பங்கு (ஷேர்) தருகிறோம் என்பார்கள். பெரும்பாலும் நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். முதல் வருடம் முடியுமுன் விலகினால் ஒன்றுமில்லை. 2012-இல் இதே ஊரில் மைடெக்சி என்ற பெயரில் தொடங்கிய, வாடகைக் கார் செயலி கிராப்பை உதாரணம் காட்டுவார்கள். சரி, கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் மட்டும் பங்குக்குப் பூஜ்யம் போடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் நான் ஸ்டார்ட்அப்புக்கு எதிரி இல்லை. நான் கணக்கு பார்க்கும் ஒரு கம்பெனியில், படிப்பு முடித்து வந்த ஒரு பெண் வாடிக்கையாளரிடம் பேசி, விலை முடிவு செய்து, பில்லும் போடுகிறாள். பெரிய இடத்தில் இதையெல்லாம் அவ்வளவு சீக்கிரம் யாரும் கையில் தரமாட்டார்கள். வீட்டுக்கடனோ தங்கை படிப்போ உங்கள் தலையில் இல்லை, ஆறு மாதச் செலவுக்குப் பணமும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போங்கள். ஆனால் ஊழியராகப் போங்கள்.

அப்புறம், கம்பெனி மூடும் நிலை வந்து, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் எழுதவே எழுதாதீர்கள். வேலை இழந்தவருக்கு பெர்கேசோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதித் திட்டத்தில் சில மாதம் உதவித்தொகை உண்டு. தானாக விலகியவருக்குக் கிடையாது. பணிநீக்கக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பியுங்கள்.