கே-யில் தொடங்கும் கவுண்ட்: பழைய நிரல்களின் பெயர்களைப் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதிய பழைய நிரல் ஒன்றைத் திறந்தால், எண்ணிக்கையைக் குறிக்கும் 'கவுண்ட்' என்ற பெயர் ஆங்கில 'சி'க்குப் பதிலாக 'கே'யில் தொடங்குவதைப் பார்க்கலாம். நிறையைக் குறிக்கும் 'மாஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் 'எக்ஸ்' ஒட்டிக்கொண்டிருக்கும். எழுதியவருக்கு ஸ்பெல்லிங் வரவில்லை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். முதல் தவறே அதுதான், அது நிரலின் விடையையே மாற்றிவிடும்.

காரணம் இது. ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு உருவாக்கி 1957-ல் வெளிவந்த ஃபோர்ட்ரானில் ஒரு மாறி முழு எண்ணா, தசம எண்ணா என்று அறிவிக்க வழியே கிடையாது. பெயரின் முதல் எழுத்துதான் அறிவிப்பு. ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறில் ஒன்றில் தொடங்கினால் முழு எண், மற்ற எதில் தொடங்கினாலும் தசம எண். கவுண்ட் முழு எண்ணாக இருக்க வேண்டும், அதனால் கே. மாஸ் தசம எண்ணாக இருக்க வேண்டும், எம்மில் தொடங்கினால் முழு எண்ணாகிவிடும், அதனால் முன்னால் ஓர் எக்ஸ். நீங்கள் கே-யை சி ஆக்கிவிட்டால் 7-ஐ 2-ஆல் வகுத்து 3 வந்த இடத்தில் 3.5 வரும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதைப் பிழை என்று சொல்லாமலே போகலாம். இப்படி ஒரு நிரலில் கை வைத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் 'இம்ப்ளிசிட் நன்' வரியைச் சேருங்கள் (முதல் எழுத்தை வைத்து வகையை முடிவுசெய்யாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் வரி, ஃபோர்ட்ரான் 90-லிருந்து அது மொழியின் தரத்திலேயே இருக்கிறது), அறிவிப்பு இல்லை என்று கம்பைலர் பட்டியல் போடும் ஒவ்வொரு மாறிக்கும் வகையை எழுதுங்கள், பெயர் மாற்றுவதெல்லாம் அப்புறம்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பில் எழுதும் 'ஐ' பற்றியும் இதே குழப்பம் உண்டு. எனக்கு 'ஐ என்றால் இன்டெக்ஸ்' என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். சரி, அப்படியானால் ஜே எதற்கு, கே எதற்கு? 'இன்டிஜர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்து ஐ, என், அதிலிருந்துதான் விதியே வந்தது என்பார்கள் சிலர். மனப்பாடம் செய்ய வசதியான வழி அது, அவ்வளவே. 1956-ன் முதல் கையேட்டில் அந்த மாறிகளுக்கு 'ஃபிக்ஸட் பாயிண்ட்' என்றுதான் பெயர். கூட்டல் தொடரிலும் அணியிலும் கீழ்ச்சுட்டாக ஐ, ஜே, கே என்று எழுதுவது கணிதக்காரர்களின் நெடுநாள் பழக்கம், ஃபோர்ட்ரான் அதை அப்படியே எடுத்துக்கொண்டது, பின்னால் வந்த மொழிகளில் எழுதியவர்களுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

அடுத்த தவறு, பழைய ஆட்கள் சோம்பலில் பெயரைச் சுருக்கினார்கள் என்று நினைப்பது. ஐபிஎம் 704 கணினியில் நினைவகத்தின் ஒரு சொல் (இயந்திரம் ஒரே தடவையில் கையாளும் அளவு) 36 பிட், ஓர் எழுத்துக்கு 6 பிட், ஆக ஒரு சொல்லில் சரியாக ஆறு எழுத்து அடங்கும். பெயர் ஆறு எழுத்துக்குள் இருந்தால் இரண்டு பெயர்களை ஒரே ஒப்பீட்டில் பார்த்துவிடலாம். 6 பிட்டில் மொத்தமே 64 குறிதான், அதில் சிற்றெழுத்துக்கு எங்கே இடம்? அந்த ஆறெழுத்து விதி ஃபோர்ட்ரான் 77 வரைக்கும் தரத்தில் நீடித்தது. அணிக் கணக்குகளுக்காக 1992-ல் வந்த லாபேக் நிரல் நூலகத்தில் 'டி-ஜி-இ-டி-ஆர்-எஃப்' என்று பல்லுடைக்கும் பெயர்கள் இருப்பது அதனால்தான். டி என்றால் இரட்டைத் துல்லியம், ஜி-இ என்றால் பொது அணி, மீதி மூன்றும் முக்கோணக் காரணியாக்கல். இன்று பைத்தான் மொழியில் 'நம்பை' என்ற கணக்கு நூலகத்தை வைத்துச் சமன்பாடு தீர்க்கிறவர்களும் உள்ளே லாபேக்கைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அதற்காக 'அந்தக் காலத்தில் எல்லா மொழியிலும் இப்படித்தான்' என்று கிளம்பிவிடக் கூடாது. 1960-லேயே கோபால் மொழி 30 எழுத்து வரை, நடுவில் இணைப்புக்கோடு போட்டுப் பெயர் வைக்க விட்டது. அதே ஆண்டின் ஆல்கால் 60 அறிக்கையில் பெயரின் நீளத்துக்கு வரம்பே இல்லை. எந்த மொழி, எந்த இயந்திரம் என்று பார்க்காமல் பொதுவாகப் பேசினால் தப்பாகத்தான் போகும்.

எல்லாச் சுருக்கத்தையும் வரம்பின் தலையில் கட்டுவதும் தவறு. சி மொழியில் எழுத்துச்சரத்தை நகலெடுக்கும் 'எஸ்-டி-ஆர்-சி-பி-ஒய்' சரியாக ஆறு எழுத்து. வெளியே தெரியும் பெயர்களில் முதல் ஆறு எழுத்தை மட்டும் வேறுபடுத்தினால் போதும் என்று 1989-ன் சி தரம் சலுகை கொடுத்தது, நிரலின் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் அன்றைய பல லிங்கர்களால் அதற்கு மேல் முடியாது. ஆனால் யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' அழைப்பின் ஆங்கிலப் பெயரில் கடைசி 'இ' காணாமல் போனதை இந்த வரம்பால் விளக்க முடியாது. அந்த எழுத்தைச் சேர்த்தாலும் ஆறுதானே வருகிறது. மீண்டும் யூனிக்ஸ் எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த 'இ'யைச் சேர்ப்பேன் என்றுதான் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சனே சொன்னார்.

மரினர் 1 கதையையும் தயவுசெய்து இனிமேல் சொல்லாதீர்கள். காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி விழுந்ததால் 1962 ஜூலை 22-ல் அந்த விண்கலம் அழிந்தது என்று வகுப்புகளில் சொல்கிறார்கள். உண்மையில் வழிகாட்டும் சமன்பாட்டைக் கையால் படியெடுத்தபோது ஒரு குறியின் மேல் இருந்த கோடு விடுபட்டதுதான் அங்கே நடந்தது. புள்ளிப் பிழை வேறு கதை, மனிதரை விண்ணுக்கு அனுப்பிய மெர்க்குரி திட்டக் காலத்து நாசா ஃபோர்ட்ரான் நிரல் ஒன்றில் அது இருந்தது, கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். அந்தப் பிழை எப்படி நுழைந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். 'டூ 10 ஐ = 1,10' என்பது ஐ-யை 1-லிருந்து 10 வரை ஓட்டும் லூப். காற்புள்ளி புள்ளியானால், ஃபோர்ட்ரான் இடைவெளியைக் கண்டுகொள்ளாது என்பதால், 'டூ10ஐ' என்று ஒரே பெயராகச் சேர்ந்துவிடும், அது 'டி'யில் தொடங்குவதால் தசம எண், அறிவிப்பும் தேவையில்லை, 1.10 என்ற மதிப்பு அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். லூப் ஒரே ஒரு முறை ஓடிவிட்டுப் போகும்.

கடைசியாக, பெயர் வைப்பதில் ஹங்கேரிய முறை என்பது. ஹங்கேரியில் பிறந்த சார்லஸ் சிமோனி சொன்னது, மாறியின் பயன் என்ன என்பதை முன்னெழுத்தில் காட்டுங்கள் என்று: அட்டவணையில் இது கிடைவரிசை எண், இது நெடுவரிசை எண் என்பதுபோல. இரண்டும் முழு எண்தான், ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் கம்பைலருக்குத் தெரியாது, படிக்கிற கண்ணுக்குத் தெரியும். இதைத் தரவு வகை என்று புரிந்துகொண்டு, கம்பைலருக்கு ஏற்கெனவே தெரிந்ததையே பெயரில் திரும்ப எழுதும் வழக்கம் விண்டோஸ் நிரல்களில் பரவியது. அங்கே 'டபிள்யூ-பாராம்' என்று ஒரு மாறி உண்டு. 'டபிள்யூ' என்றால் வேர்ட், 16 பிட். அது 32 ஆகி, இப்போது 64 பிட் விண்டோஸில் 64 ஆகிவிட்டது, கோடிக்கணக்கான வரிகள் அதை நம்பி இருப்பதால் பெயரில் மட்டும் அந்த டபிள்யூ அப்படியே நிற்கிறது.