துன்ப நேரத்தில் கடவுளுக்குக் காது கொடுப்பது: நாம் செய்கிற தவறுகள்

அப்பா பக்கவாதம் வந்து படுத்த நான்காவது நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தவர்களில் ஒருவர், ஆமென் சொன்ன கையோடு அம்மாவை வராந்தாவுக்கு அழைத்துப் போய், "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது வீட்டில் இருக்குதா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சிஸ்டர்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். ஆனால் அன்று ராத்திரி முழுக்க அம்மா கண் மூடவில்லை, முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, மாமியாரிடம் என்றைக்கோ வெடுக்கென்று பேசியது வரைக்கும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

நாம் செய்கிற தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். கஷ்டம் வந்தால் உடனே காரணம் தேடுவது, அதுவும் கஷ்டப்படுகிறவரிடமே தேடுவது. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று சொல்லிவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, இல்லை என்று பதிலும் சொன்னார். பிள்ளைகள், சொத்து, உடல்நலம் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்களைப் பாருங்கள். முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. பேச ஆரம்பித்து, நீ ஏதோ செய்திருப்பாய் என்று நீட்டி முழக்கினார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள் மேல்தான் திரும்பியது, தன்னையே கேள்விகளால் துளைத்தெடுத்த யோபுவின் மேல் அல்ல.

அப்புறம் வாக்குத்தத்த அட்டை, புது வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த அட்டை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து தட்டிலிருந்து ஆளுக்கொரு அட்டை எடுத்துக்கொண்டு வருவோம் இல்லையா, அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தது எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்ற வசனம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தோம். மார்ச்சில் அப்பா விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்த அன்று அந்த அட்டையைப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது, ஏமாற்றிவிட்டீரே என்று. பல மாதம் கழித்துத்தான் அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தேன். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம். ஒரு வசனம் முன்னால் போனால் 70 வருடம் என்று இருக்கிறது. அதைக் கேட்ட பெரியவர்கள் பலருக்கு ஊர் திரும்பும் நாள் தங்கள் ஆயுளில் வராது என்று புரிந்திருக்கும். அவர்களுக்குத்தான், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லப்பட்டது. வசனம் பொய் சொல்லவில்லை, நான்தான் அதை ராசிபலன் மாதிரி வாசித்திருக்கிறேன். அட்டை எடுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்து அதிகாரம் முழுவதையும் ஒரு தடவை உட்கார்ந்து வாசியுங்கள்.

இதோடு ஒட்டியதுதான், குணமாகிவிடும் என்று நம்புவதே விசுவாசம் என்கிற நினைப்பு. ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர், எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை நாம் ஜெபத்தில் வாய்விட்டுச் சொல்லவே பயப்படுகிறோம். அப்போஸ்தலன் பவுல், உடம்பில் ஒரு முள் என்று தானே சொன்ன உபாதை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது.

மருந்தை நிறுத்துவது, பிசியோதெரபிக்குப் போகாமல் விடுவது, இதையெல்லாம் விசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர். நம்ம மதுரையில் சபையை வளர்த்த அமெரிக்க மிஷனரிகள் கையோடு ஆஸ்பத்திரியும் நடத்தினார்கள், கீழவெளி வீதியில் அது இன்றைக்கும் இருக்கிறது.

அழக்கூடாது என்பது இன்னொன்று. "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்டது சங்கீதமாகி, இன்றைக்கும் ஆலயத்தில் வாசிக்கிறோம். இறந்துபோன நண்பன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். ராஜாவின் சபையிலேயே போய் நியாயம் கேட்ட ஒரு பெண்ணின் கதையைச் சொல்லி வளர்ந்த ஊர் நம்முடையது, கடவுளிடம் நியாயம் கேட்க நாம் ஏன் கூசவேண்டும்?

கடைசியாக, கேட்பது. துன்பத்தில் நாம் நிறையப் பேசுகிறோம். உபவாச ஜெபம், சங்கிலி ஜெபம், இந்தப் பாஸ்டர் தீர்க்கதரிசனம் சொல்வார், அந்தக் கூட்டத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அலைகிறோம். ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அடுத்தவர் வாயிலிருந்து நமக்குப் பிடித்த பதில் வரும்வரை ஓடுவதைத்தான் சொல்கிறேன். தீர்க்கதரிசி எலியா, ராணிக்குப் பயந்து உயிர் தப்ப ஓடி, சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டான். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான், தூங்க விட்டான், மறுபடியும் சாப்பிட வைத்தான். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்து கர்த்தருடைய அந்த மெல்லிய சத்தம் வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். தூக்கமும் சோறும் இல்லாமல் ஒரு மாதம் ஓடியவரின் காதில் எதுவும் ஏறாது, என் அனுபவம் அது.

எங்கள் சபையில் ஒரு பெரியம்மா இருக்கிறார், நரிமேட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தூக்குவாளியில் இட்லி கொண்டு வந்து வைத்துவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துப் போய் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கழுவி, கவிழ்த்து வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துவிடுவார். "நீ போய்ப் படு கண்ணு, நான் இருக்கேன்" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு எழுந்தபோதுதான், பல நாட்களில் முதல் முறையாக, ஒன்றும் கேட்காமல் ஜெபத்தில் உட்கார முடிந்தது.

வீட்டுக்கு வந்தபின் சாயங்காலம் ஒரே ஒரு சங்கீதம், அப்புறம் பத்து நிமிடம் சும்மா இருப்பது என்று வைத்துக்கொண்டோம். அப்பாவுக்குப் பேச்சு முழுதாகத் திரும்பவே இல்லை, "சரி" என்ற ஒரு சொல் மட்டும் வரும். அம்மா 13ஆம் சங்கீதத்தை வாசிக்க, ஒவ்வொரு வசனத்துக்கும் அவர் சரி சொல்வார். "எதுவரைக்கும்" என்று வருகிற இடங்களில் மட்டும் சொல்லமாட்டார், அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.