எத்தனை வாற்று வேண்டும்? வீட்டுக்கு அம்பிளிபயர் தெரிவுசெய்யும் முறை

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு அம்பிளிபயர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாற்று?" என்பதைத்தான். அதைக் கடைசியாகக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த ஸ்பீக்கர், எந்த அறை என்ற இரண்டும் முடிவான பிறகே வாற்றுக் கணக்குக்குப் பொருள் உண்டு.

ஸ்பீக்கரின் விவரத்தாளில் உணர்திறன் என்று ஓர் எண் இருக்கும். 1 வாற்று கொடுத்து 1 மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் (சத்தத்தின் அளவை அளக்கும் அலகு) ஒலி வருகிறது என்பதை அது சொல்கிறது; வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 84 முதல் 90 வரை இருக்கும். வாற்றை இரட்டித்தால் 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்கு சத்தமாகப் படுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாற்று தேவை. ஆகவே 84 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபெல் ஸ்பீக்கரை எடுப்பது, அம்பிளிபயரின் வாற்றை நான்கு மடங்காக்கியதற்குச் சமம்.

87 டெசிபெல் ஸ்பீக்கர் இரண்டை வைத்து, 3 மீற்றர் தள்ளி இருந்து கேட்கிறீர்கள் என்று கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 1 வாற்று கொடுத்தாலே இருக்கைக்கு 80 டெசிபெல் அளவில் ஒலி வந்து சேரும். வழக்கமாகக் கேட்கும் 75 டெசிபெல்லுக்கு அரை வாற்றுக்கூட வேண்டியதில்லை. 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துத் தைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டவர்களுக்கு இது வியப்பாக இராது. அந்தத் தைனமோ தந்தது 3 வாற்று அளவுதான்.

ஆனால், நன்றாகப் பதிவான தவில் தனி ஆவர்த்தனத்தில் ஓர் அடி சராசரியை விட 20 டெசிபெல் உயர்ந்து எழக்கூடும். அந்த ஒரு கணத்துக்கு நூறு மடங்கு சக்தி, அதாவது 30 வாற்று அளவில் தேவைப்படுகிறது. அது கிடைக்காவிட்டால் அலையின் உச்சி வெட்டுப்படும். அடி மழுங்கி, கரகரப்பு ஏறும். அப்படியே சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தால் உயர்சுருதி ஒலியைத் தரும் சிறிய ஸ்பீக்கர் (ற்வீற்றர்) சூடேறிக் கருகவும் கூடும். எனவே சாதாரண அளவுள்ள ஒரு விறாந்தைக்கோ வரவேற்பறைக்கோ, ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு உண்மையான 40 அல்லது 50 வாற்று போதுமானது.

"உண்மையான" என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். பெட்டியின் முகப்பில் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சம் என்று விளம்பரத்துக்குச் சொல்லும் எண்) என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருப்பதை நம்பாமல், ஆர்.எம்.எஸ். அளவையும் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) அது எத்தனை ஓம் தடையுள்ள ஸ்பீக்கருக்குச் சொல்லப்பட்டது என்பதையும் பாருங்கள். பிறகு அதனுடன் வரும் அடப்டரைத் திருப்பி வாசியுங்கள். 12 வோல்ற்று, 3 அம்பியர் என்று இருந்தால் உள்ளே போவதே 36 வாற்றுத்தான்; அதை விடக் கூடுதலாக அந்தப் பெட்டியால் தொடர்ந்து வெளியே தர முடியாது.

உதிரிப்பாகங்களின் தரத்தில் நான் முதலில் பார்ப்பது மின்வழங்கும் பகுதியை. மின்மாற்றி உள்ள வகையானால் கையில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும். அடுத்து, பாட்டை நிறுத்திவிட்டு, சத்தத்தைக் கூட்டி, ஸ்பீக்கருக்கு அருகே காதை வைத்துக் கேளுங்கள். உறுமலோ இரைச்சலோ பலமாக வந்தால் வாங்க வேண்டாம். விலை உயர்ந்த வயருக்குப் பணம் கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். சில மீற்றர் தூரத்துக்குப் போதிய தடிப்புள்ள செப்பு வயர் போதும். ஒலியின் குணத்தை அதிகம் மாற்றுவது ஸ்பீக்கர் என்பதால், கையிலுள்ள பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே ஒதுக்குங்கள்.

நமது வீடுகளின் சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பி எறிபவை. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ஓசை நீண்டு அதிர்ந்தால், தடித்த யன்னல் சீலையும் தரையில் ஒரு கம்பளமும் போட்டு, ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டு அடி முன்னே நகர்த்திய பின், அதே பாட்டை மறுபடி கேட்டுப் பாருங்கள். புதிய அம்பிளிபயர் தேவையா என்பதை அதற்குப் பிறகு தீர்மானிக்கலாம்.