உடற்பயிற்சிக்கு முன் காபி: அளவும் நேரமும்

எவ்வளவு காபி, எப்போது என்று தீர்மானிப்பதற்கு முன், தசை நாருக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நரம்பின் கட்டளை வந்து சேர்ந்ததும், நாருக்குள் வலைபோல் பின்னிக் கிடக்கும் நுண்பைகளின் வாயில்கள் திறந்து, அங்கே சேர்ந்திருந்த கால்சியம் வெளியே பாய்கிறது. அதன் பிறகே ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி நகர, தசை சுருங்குகிறது. ஆய்வகத்தில் தசைத் துணுக்கொன்றைச் செறிவான காஃபின் கரைசலில் அமிழ்த்தினால், நரம்பின் கட்டளை இல்லாமலே அந்த வாயில்கள் திறந்து, துணுக்கு தானாகச் சுருங்கிவிடும். காபி குடித்தவரின் இரத்தத்திலோ அந்தச் செறிவில் மிகச் சிறு பங்குதான் இருக்கும். அந்த அளவில் காஃபினின் முதன்மையான வேலை மூளையில்தான்: களைப்பை உணர்த்தும் அடினோசின் அமரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஆகவே தசையில் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்டிரியா பெருகுவதும் புரதம் கூடுவதும் பயிற்சியின் பயன். காபி இன்னும் சற்று நேரம் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்வளவே.

உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. காஃபினில் தொடங்குங்கள். 6 மி.கி.க்கு மேல் போனால் கைநடுக்கமும் படபடப்பும்தான் மிஞ்சும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மி.கி. போதும், 2 கிராம் இன்ஸ்டன்ட் காபித்தூளில் ஏறத்தாழ 60 மி.கி. காஃபின் இருப்பதால், 6 கிராம் தூள் என்று கணக்கு வைக்கலாம். பொட்டலத்தில் சிக்கரி கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சிக்கரியில் காஃபின் கிடையாது. நாக்குக்குக் கெட்டியாகத் தெரியும் காபி கணக்கில் ஏமாற்றிவிடும். ஃபில்டர் டிகாக்‌ஷனின் வீரியம் வீட்டுக்கு வீடு மாறுவதால், அதை வைத்து அளவு பார்ப்பது என்னைக் கேட்டால் வீண்வேலை.

பயிற்சிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகக் குடியுங்கள். உடலில் சேர்ந்த காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 5 மணிக்குக் குடித்த 180 மி.கி.யில் இரவு 10 மணிக்கும் 90 மி.கி. எஞ்சியிருக்கும், மாலையில் பயிற்சி செய்பவர்கள் காபியைத் தவிர்ப்பதே மேல். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு மொத்தம் 400 மி.கி.யும், கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி.யும் மேல்வரம்பு. இதயத் துடிப்புக் கோளாறோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஆம்ஃபெட்டமின் போன்ற ஊக்கமருந்துகளை இதே கணக்கில் சேர்க்கவே கூடாது. 1967 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், கடும் வெயிலில் மோன் வான்டூ மலையேற்றத்தில் சரிந்து உயிரிழந்த பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்சனின் உடலில் அது இருந்தது. உடல் கொதிப்பதை உணரவிடாமல் செய்வதே அதன் ஆபத்து. காஃபினோ 2004 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இல்லை. ஆயினும் போட்டி நாளில் முதன்முறையாகக் குடித்துப் பார்க்காதீர்கள். சிலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும் என்பதால், இரண்டு மூன்று பயிற்சி நாட்களிலாவது இதே அளவைச் சோதித்துப் பாருங்கள்.